வேர்க்குதுன்னு அழுற மவராசனுக்கு

ஏலே பேராண்டி, கரண்டு போயி கால்மணி நேரம்கூட ஆகல, அதுக்குள்ள "வேர்க்குது தாத்தா, வேர்க்குது"ன்னு தெருவையே கூட்டுறியே! அந்தா திண்ணையடியில கெடக்கானே நம்ம நாயி, அவன்கிட்டப் போயிச் சொல்லு. வாயத் தொறந்து உன்னையப் பாத்துச் சிரிப்பான். சிரிப்பு இல்லலே அது, இளைப்பு. அவனுக்கு வேர்வை வர்றது உள்ளங்கால்லதான். மத்த உடம்பெல்லாம் ரோமம். அதான் நாக்கைத் தொங்கப்போட்டு, நிமிஷத்துக்கு 300 தரம்கூட மூச்சு வாங்குவான். நாக்கு ஈரம் காத்துல காயக் காய உடம்புச் சூடு எறங்கும். அதே வேலையத்தான் உனக்கு வேர்வை செய்யுது, உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும். ஓசியில கெடைச்சதைத் துண்டை வச்சுத் தொடைச்சு எறியுத, பெரிய மவராசன்!

கோழிக்கு அந்தக் கொடுப்பினையும் கெடையாது. ஒரு சொட்டு வேர்க்காது. அலகைப் பிளந்துக்கிட்டு, றெக்கை ரெண்டையும் உடம்புல ஒட்டாம அகட்டி நிக்கும் பாரு. நீயும் கையத் தூக்கிட்டு நில்லேன். பள்ளிக்கூடத்துல நின்ன பழக்கம்தான் இருக்கே!

எருமை கெட்டிக்காரி. கறுத்த தோலு வெயிலை இழுக்கும், வேர்வையோ பசுவைவிடக் கம்மி. அதனால குளத்துல எறங்கி மூக்கு மட்டும் தெரிய முங்கிக் கெடப்பா. கரையேறும்போது மேலெல்லாம் சேறு. அது காஞ்சு பொருக்காடிட்டா வெயிலும் உறைக்காது, ஈயும் அண்டாது. உனக்கும் பூசிவிடலாம்தான். உங்கம்மா சோப்போட வருவாளே, அதைத்தான் யோசிக்கேன்.

குளமே வத்திப்போச்சுன்னா? நத்தை சேத்துக்குள்ள எறங்கி, ஓட்டு மூடியை இழுத்துச் சாத்திரும். மழை வர்ற வரைக்கும் சோறு கேக்காது, தண்ணி கேக்காது, செல்போனும் கேக்காது.

கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்து வருதே, அது எங்க இருந்து தெரியுமா? மங்கோலியா, திபெத்துப் பக்கம். அங்க குளிர் தட்டுனதும் இமயமலையத் தாண்டிப் பறந்து வருது. நீ வெந்து சாவுறேன்னு சொல்லுத சீமைக்கு அது வெயில் காய வருதுடே! ஆனா ஏமாளி இல்ல. கத்திரி வெயிலுக்கு முன்னாடி மூட்டை கட்டிரும்.

இந்தத் தவளைதான் எனக்குப் புடிச்ச பய. கோடை பூரா மண்ணுக்குள்ள பொதைஞ்சு கெடப்பான். மொத மழை விழுந்துட்டா, மஞ்சத்தண்ணி ஊத்துன மாப்பிள்ளை மாதிரி மேலெல்லாம் மஞ்சளாகி, தொண்டை ரெண்டு பக்கமும் நீலப் பையை ஊதிக்கிட்டுக் கத்துவான். பொண்ணு தேடுறானாம். பாக்கணும்னா மழையன்னைக்கு ராத்திரி லைட்டை எடுத்துட்டு என்கூட வா. சட்டைப் பையில போட்டு வீட்டுக்கு மட்டும் கொண்டாந்துராத. போன தடவை நான் கொண்டாந்ததுக்கே உங்க ஆச்சி ரெண்டு நாளாச் சோறு போடல.