பொன்னியின் செல்வனை மறுபடி எடுப்போர்: தேய்மானச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ் வாசகரில் கல்கியின் நாவல் பொன்னியின் செல்வனைப் படித்தவர் உண்டு, படிக்காதவரும் உண்டு. இவ்விரு சாராரையும் அறிஞர் பெருமக்களுக்கு விட்டுவிடுவோம். “இன்னொரு தடவை எடுத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு விடுமுறை முழுக்க வீட்டாருக்குப் பயன்படாமல் போகும் மூன்றாம் சாராரே இக்கட்டுரையின் பொருள். இவர்களுக்குச் சதிகாரர்களைத் தெரியும். கடைசியில் மகுடம் யார் தலையில் ஏறும் என்பதும் தெரியும். பின் எதற்காக எடுக்கிறார்கள் என்பதே நம் ஆய்வுச் சிக்கல்.

வாசகரின் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். “எத்தனை தடவை படிச்சிருக்கீங்க?” என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் சொன்னதைவிட ஒன்று கூட்டியே சொல்கிறார்கள். ஆகவே புத்தகத்தின் உடம்பையே முதல்நிலைச் சான்றாகக் கொண்டோம்.

இவ்வகையில் மதிப்பு மிக்கது பழைய பைண்டு. கல்கி வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை தொடர் வந்தபோது வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, அடுக்கி, கடையில் கொடுத்துத் தைத்து வாங்கியது. பைண்டு செய்தவர் ஓரத்தை வெட்டியதில் மணியம் வரைந்த குதிரைக்கு வால் போயிருக்கும். அத்தியாயம் முடிந்த பக்கத்தின் பின்புறம் ஒரு நகைச்சுவைத் துணுக்கின் முதல் பாதி இருக்கும். மறுபாதி எந்தக் காலத்திலோ பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. நடுவே பேருந்துச் சீட்டு, மருந்துக் கடை ரசீது, காய்ந்த கறிவேப்பிலை. கறிவேப்பிலை கிடந்த பக்கத்தில் நந்தினி பேசிக்கொண்டிருந்தாள் என்பது குறிப்பிடத்தக்கது. அன்று அந்த வீட்டில் தாளிப்பு கருகியிருக்க வேண்டும் என்பது எம் ஊகம்.

இனி தேய்மான விதி. மறுபடி படிக்கும் வீட்டில் முதல் பாகமான ‘புது வெள்ளம்’ முதுகு உடைந்து, செல்லோடேப்பின் தயவில் நிற்கிறது. 91 அத்தியாயங்கள் கொண்ட, ஐந்து பாகங்களிலும் பருத்த ‘தியாகச் சிகரம்’ பிரித்த சுவடே இல்லாமல் மொறமொறவென்று இருக்கிறது. இதிலிருந்து பெறப்படுவது என்ன? மொத்தம் 293 அத்தியாயங்களையும் மறுபடி மறுபடி படிப்பதாகச் சொல்வோர் அப்படிச் செய்வதில்லை. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவனோடு குதிரை ஏறுகிறார்கள். கடம்பூர் மாளிகையின் அந்தக் கடைசி இரவு நெருங்குவதற்குள் எங்கேயோ இறங்கிவிடுகிறார்கள். ஏறும் இடத்தில் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் உயிரோடிருக்கிறான். ஏரி நிரம்பியிருக்கிறது, காற்று அடிக்கிறது, ஒரு வாலிபனிடம் ஓலையும் அதைக் கொண்டு சேர்க்கும் வேலையும் இருக்கின்றன. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஏரித் தண்ணீர் இப்போது குழாய் வழியே சென்னைக்கே வந்துவிட்டது. ஆயினும் அங்கே அதைக் குடித்துக்கொண்டே ஏரிக்கரைக்குப் போக ஏங்குவோர் குறையவில்லை.

இப்பழக்கத்தின் வேரைத் தொடர்கதையில் தேட வேண்டும். 1950-இன் வாசகருக்கு ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் செய்வதற்கு இருந்தது ஒன்றே: போன வாரத்ததை மறுபடி படிப்பது. ஆக, தமிழில் மறுவாசிப்பு காத்திருப்பின் குழந்தை. பிற்காலத்தில் அதே இதழ் தொடரை மறுபடி வெளியிட்டபோது, முழுப் புத்தகமும் அலமாரியில் இருந்தும் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்த பெரியவர்கள் உண்டு. இதை விளக்க எம்மிடம் கருவி இல்லை.

கரிகாலன் கொலையைத் துப்பறிவோர் ஓர் உட்பிரிவு. இவர்கள் மட்டும் ஐந்தாம் பாகத்தையும் தேய்க்கிறார்கள். கல்கி முடிவுரை எழுதிக் கதைமாந்தர் பின்னால் என்ன ஆனார்கள் என்று சொன்னார். குத்தியது யார் கை என்பதை மட்டும் அழுத்திச் சொல்லாமல் போனார்; தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் காலமுமானார். காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ரவிதாசன் கூட்டத்தாரைப் பெயர் சொல்லி, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. உட்பிரிவினருக்கு அது போதவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது; பாயசம் வந்ததும் ஒத்திவைக்கப்படுகிறது.

மணிரத்னத்தின் படம் 2022-இலும் 2023-இலும் இரு பாகமாக வந்தபோது இவ்வினத்தாரைக் கூட்டமாகக் காணும் வாய்ப்பு கிட்டியது. அடையாளம் எளிது: திரையைப் பார்க்காமல் பக்கத்து இருக்கையைப் பார்த்துப் பேசுவார்கள்.

“மணிமேகலை எங்கங்க? ஆளையே காணோம்?”

“படத்துல இல்லம்மா. விட்டுட்டாங்க.”

“அப்புறம் என்ன பொன்னியின் செல்வன்!”

அன்றிரவே நூலின் முதல் பாகம் அலமாரியிலிருந்து இறங்கியது. வயிற்றெரிச்சலும் மறுவாசிப்புக்கு ஒரு காரணி என்று இதனால் நிறுவப்படுகிறது.

நூல் நாட்டுடைமை ஆனபின் பதிப்பகத்துக்கு ஒரு பதிப்பு, பதிப்புக்கு ஒரு பக்க எண் என்றாகிவிட்டதால், பக்கம் சொல்லி மேற்கோள் காட்ட வழியில்லை. இவர்களுக்கு அது குறையே இல்லை. “பூங்குழலி முதல்ல வர்ற இடம்” என்றால் கை தானே அங்கே போய்விடுகிறது.

எஞ்சிய புதிர் ஒன்றே. ஐந்து பாகம் இருக்க வேண்டிய பல வீடுகளில் நான்குதான் இருக்கின்றன; காணாமல் போனது, நாம் பார்த்த வரையில், பெரும்பாலும் மூன்றாம் பாகம் ‘கொலைவாள்’. இரவல் வாங்கியவர் யார் என்று வீட்டாருக்குத் தெரியும். உறவு கெடும் என்று கேட்பதில்லை. ஆகவே அவர்கள் சார்பில் இக்கட்டுரை கேட்கிறது. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் பாகத்தின் முடிவில் பொன்னியின் செல்வரான இளவரசர் நடுக்கடலில் இருக்கிறார். அவர் கரையேற மூன்றாம் பாகம் வேண்டும்.