கேள்வி நேரம்

கேள்வி: அரக்கோணம் லோக்கல் போனாலே எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரம் ஆடுகிறது. நிஜமாகவே நிலம் நடுங்கினால் எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகர், திருநின்றவூர்

பதில்: தெருவை எட்டிப் பாருங்கள். எதிர்வீட்டுக்காரரும் லுங்கியோடு நின்றால் அது ரயில் இல்லை! 2001 செப்டம்பர் 25 அன்று இரவு எட்டரை மணிவாக்கில் சென்னையில் அதுதான் நடந்தது. புதுச்சேரிக்குக் கிழக்கே, கடலடியில் 5.5 அளவு நடுக்கம். பூஜ் பூகம்பம் முடிந்து எட்டே மாதம், பயத்துக்குக் கேட்கவா வேண்டும்? அடுத்த ஆண்டே திருத்திய நிலநடுக்க அபாய வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்குப் போனது. யாரும் கேட்காமல் வந்த பதவி உயர்வு!

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் 8.6. தொலைதூர நடுக்கத்தின் மெதுவான அலைகள் உயரக் கட்டடங்களைத்தான் அதிகம் அசைக்கும். சென்னையில் மாடியில் இருந்தவர்கள் இறங்கி ஓடிவர, கீழே இருந்த பலர் “எப்போ சார்?” என்றார்கள்.

மற்றபடி, கட்டடம் பற்றி நீங்கள் கவலைப்படலாமா? மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரின் ஊர்க்காரர் ஆயிற்றே! அந்தக் கோயிலுக்கு எந்த மண்டல விதியும் கிடையாது. உங்கள் வீட்டுத் தூண்களை மட்டும் ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.