சக்கைப் பாலும் ஸ்டாம்புப் பசையும்

வாலே மக்கா, இங்கன திண்ணையில இரி. அந்தச் சருவத்தைக் கீழ வை. காலம்பற எட்டு மணிக்கு வெந்நீர்ல போட்ட ஸ்டாம்பு உச்சிப்பொழுது ஆகியும் கழண்டு வரல்லியாக்கும்? அமெரிக்காவுல இருந்து மாமா அனுப்பின கவரு. ஸ்டாம்பு ஒட்டினது ஒட்டினபடி இருக்கு, கவருதான் கஞ்சியாப் போச்சு. இப்ப மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்கே.

பாட்டா ஒண்ணு கேக்கட்டா? பலாச்சக்கை வெட்டும்போ கையில பாலு ஒட்டுகே, அதை எந்தத் தண்ணியில கழுவுவே? ராஜாக்கமங்கலம் துறையில போய்க் கடல்ல முங்கி எந்திச்சாலும் போவுமா? போவாது. தேங்காயெண்ணெ தேச்சாத்தான் இளகும். நம்ம ஊர்ல நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்ச சங்கதி. நீ எஞ்சினீயரிங் முடிச்சவன், உனக்குத் தெரியல்லே. படிக்கப் படிக்கக் கொறையும் போல.

பழைய ஸ்டாம்புக்குப் பின்னால இருந்தது வேலம்பிசின் ஜாதி. நாக்குல தொட்டா இளகும், தண்ணியில போட்டா பொண்ணு மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்ட மாதிரி தானே பிரிஞ்சு வந்திரும். உனக்க மாமா ஒட்டினது வேற ஜாதி. நக்க வேண்டாம், நனைக்க வேண்டாம், பின்தாளை உரிச்சு அமுக்கினாப் போதும், பிடிச்சுக்கிடும். அது அக்ரிலிக் பசை. சக்கைப் பாலுக்குப் பங்காளி. தண்ணியைக் கண்டா சிரிக்கும்.

இதை எவன்லே கண்டுபிடிச்சான்னு கேக்கே. ஆப்பிரிக்காவுல சியரா லியோன்னு ஒரு நாடு. நம்மளைப் போலக் கடக்கரை, நம்மளைப் போல மழை, புழுக்கம். அங்கன ஸ்டாம்பு வாங்கி வச்சா, ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாப் போவும். இங்க அலமாரியில வச்ச வெல்லம் ஆடி மாசத்துல கசிஞ்சு கெடக்குல்லா, அது கணக்கா. அதுக்கு ஒரு வழி பண்ணணும்னு 1964ல, தன் நாட்டுப் படம் வரைஞ்ச வடிவத்துலயே வெட்டி, உரிச்சு ஒட்டுக ஸ்டாம்பு போட்டான். ஆக, புழுக்கத்துக்குப் பயந்து பிறந்த பிள்ளை இது. அதைப் புழுக்கத்துல எப்பிடி வளக்கணும்னு நீ குளிர்தேசத்துக்காரனைப் போய்க் கேக்கே!

அமெரிக்காக்காரன் கதை அதைவிட வேடிக்கை. 1974 கிறிஸ்துமசுக்கு 10 சென்டுல ஒரு ஸ்டாம்பு. வீட்டுக்கூரையில காத்துத் திசை காட்டுகதுக்கு நிக்கும்லா, அந்தப் புறாப் படம். உரிச்சு ஒட்டுக தினுசு. எவனும் கவர்ல இருந்து கிழிச்செடுத்து மறுபடி ஒட்டிரப்பிடாதுன்னு ஸ்டாம்புலயே கீறலும் போட்டு வச்சான். கள்ளனுக்கு வேலி கட்டினான், சரி. வேலிக்குள்ள விளைஞ்சது என்னா? பசை தாளுக்குள்ள ஊறி, தெளிஞ்ச புறா காப்பிக்கறை பிடிச்ச புறாவாப் போச்சு. ஆல்பத்துல பொன்னு மாதிரி வச்சிருந்தவன் ஆல்பத்துலயும் கறை, பெட்டியில போட்டவன் பெட்டியிலயும் கறை. பசையே உள்ள இருந்து தின்னா ஆல்பம் என்ன செய்யும்? சூடுபட்ட அமெரிக்காக்காரன் பிறகு 1989ல தான் மறுபடி அந்தப் பக்கம் போனான். 2002க்குப் பொறவு அங்க வருகது அநேகமா இதுதான். மொதல்ல பசைக்கும் தாளுக்கும் நடுவுல தண்ணியில கரையுக ஒரு பூச்சு வச்சிருந்தான், சேகரிக்கிறவன் பாவம்னு. பொறவு அதையும் எடுத்திட்டான். அதனாலதான் உனக்க சருவம் தோத்துது.

இப்ப நீ இன்னொண்ணு சொல்லுகே. ஹெப்டேன்னு ஒரு திரவம் இருக்கு, ரெண்டு சொட்டு விட்டா உரிஞ்சு வரும்னு. வரும்தான். ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலயும் வரும். சக்கைப் பாலுக்கு எண்ணெ, அதே நியாயம். ஆனா ஹெப்டேன் யாருன்னு தெரியுமா? பெட்ரோலுக்கு ஒடப்பிறந்தான். உங்க அம்மை அடுப்பு எரிச்சுக்கிட்டு இருக்க வீட்டுல, ஜன்னலை அடைச்சுக்கிட்டு நீ இதைச் செய்யப் போறியாக்கும்? ஒரு ஸ்டாம்புக்கு ஒரு வீடு! எண்ணெதானேன்னு அடுக்களையில இருந்து தேங்காயெண்ணெ எடுத்துராதே. கைக்கு அது சரி. தாளுக்குப் பட்டா அப்பளம் பொதிஞ்ச காயிதம் மாதிரி ஆயிரும்.

பின்ன என்னதான் செய்யணும்? ஒண்ணும் செய்யாண்டாம். இதைச் சொன்னா உனக்கு நம்பிக்கை வராது, காசு செலவில்லாத யோசனை பாரு. ஒட்டின ஸ்டாம்பைக் கவரோட விட்டிரு. இடம் பத்தல்லேன்னா, கத்திரியால சுத்தி அரை விரல் அளவு கவர்த்தாள் விட்டு வெட்டு. பின்னால தாள் இருக்கும் வரைக்கும் பசை யாரையும் பிடிக்காது. ஓரத்துல பசை கசியுகா? சப்பாத்தி பரத்துகதுக்கு மாவு தூவுகாப்பிலே லேசா முகப்பவுடர் தூவி, மெத்துன்னு இருக்க துணியால தட்டி விடு. புத்தம்புது ஸ்டாம்பு வாங்கினா, பின்தாளோட அப்பிடியே வை. அதிரசம் தட்டுகதுக்கு வாழையிலையில எண்ணெ தடவுவாள்லா உனக்க ஆச்சி, அது மாதிரி சிலிக்கோன் தடவின தாள் அது. ஒட்டுக சாதனம் ஒட்டாம இருக்கணும்னே பண்ணி வச்சது. அதை உரிச்செறிஞ்சிட்டு ஆல்பத்துல ஒட்டுகவனை என்ன சொல்ல?

அந்த இடுக்கி இருக்கட்டும், கைவேர்வை படப்பிடாது. இடுக்கி இருக்கும்போ கையுறை எதுக்கு, கழத்திப் போடு. அத்தனை மெனக்கெட்டியே, இந்த ஆல்பத்துப் பிளாஸ்டிக் தாளை மோந்து பாத்தியா? ரெக்சின் சீட் நாத்தம் வருகு. அது பிவிசி. வழவழன்னு இருக்கும், கொஞ்ச வருசத்துல அதுல உள்ள எண்ணெ கசிஞ்சு ஸ்டாம்புல ஏறும். தோல் அட்டையும் தங்க எழுத்தும் பாத்தே, உள்ள இருக்க தாளைப் பாக்கல்லே. பொண்ணு பாக்கப் போனவன் பந்தலைப் பாத்திட்டு வந்த கதை. மைலார், பாலிப்ரொப்பிலீன்னு கேட்டு வாங்கு, நாத்தம் இருக்காது.

பொறவு ஆல்பத்தைப் படுக்கவச்சு, அதுக்கு மேல நாலு டிக்‌ஷனரி அடுக்குகே. எதுக்கு? அமுக்கினாப் பிடிக்குக பசைலே அது! மேல பாரம் ஏத்தி நீயே அமுக்கி விடுகே. நட்டமா நிறுத்து. தெக்குச் சன்னல் பக்கம் வேண்டாம். நம்ம கடக்காத்துல சன்னல் கம்பி ரெண்டு வருசத்துல துருப்பிடிக்கு, தாளு எம்மாத்திரம்? ஆனி ஆடிச் சாரல்லயும் ஐப்பசி அடைமழையிலயும் மாசம் ஒருக்கா, மழை வெறிச்ச நாளாப் பாத்து வெளிய எடுத்து, நிழல்ல காத்தாட விரிச்சு வை. வெயில்ல வச்சிராதே, நிறம் போவும், பசை உருகும். பெட்டிக்கு அடியில சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போடு. வேப்பிலை ராமபாணப் பூச்சியை விரட்ட நல்லதுதான், ஆனா தாளுக்கு நடுவுல சொருவாதே, இலைக்கறை ஏறும்.

நம்ம தேசத்து ஸ்டாம்பு பெரும்பாலும் இன்னும் பழைய நக்குக ஜாதிதான். 2006ல சந்தன மணம் வச்சு ஒண்ணு விட்டான். எனக்க சேக்காளி ஒருத்தன் அதை வாங்கி, வாறவன் போறவனுக்கு எல்லாம் மோக்கக் குடுத்து, கடைசியில மூக்குப்பொடி மணம் வந்திட்டு அதுக்கு. அது போட்டும்.

உள்ள போய் அந்தத் தகரப்பெட்டியை எடுத்திட்டு வா. பைய. இது என்னன்னு பாரு. அஞ்சல் கவரு. இந்த ஊரு அப்ப திருவிதாங்கூர். தபாலுக்குப் பேரே அஞ்சல். 1888ல இருந்து சொந்த ஸ்டாம்பு, நடுவுல சங்கு. ரூவாய்க்கு 28 சக்கரம், அதுதான் கணக்கு. 1939ல மகாராஜா பிறந்தநாளுக்குப் போட்ட ஸ்டாம்புல ஒண்ணுல கன்னியாகுமரி, இன்னொண்ணுல நம்ம பேச்சிப்பாறை அணை. பேச்சிப்பாறைத் தண்ணியில நெல்லு விளைஞ்சுது, ஸ்டாம்பும் விளைஞ்சுது. 1951ல அஞ்சல் இந்தியத் தபாலோட சேந்துது, 1956 நவம்பர் 1ல நம்ம ஜில்லாவே தமிழ்நாட்டோட சேந்துது. ஆனா எனக்க அப்பன் ஒரு கவர்ல இருந்தும் ஸ்டாம்பைக் கிழிக்கல்லே. அவருக்குச் சேகரம்னா என்னன்னே தெரியாது. சோம்பல், அவ்வளவுதான்.

போன வருசம் ஸ்டாம்பு சேக்குக ஒருத்தர் நாகர்கோவில்ல இருந்து கார்ல வந்தாரு. இதைப் பாத்த உடனே கை நடுங்கிச்சு. சங்கைப் பாக்கல்லே அவரு. கவரையும், அதுல விழுந்த முத்திரையையும், எந்த ஊரு, எந்தத் தேதின்னு கண்ணாடி வச்சுப் பாத்தாரு. கிழிச்செடுத்த ஸ்டாம்பு நெறைய உண்டும், முழுக்கவரு கிடைக்காதுன்னாரு. பழைய பசை இளகும்னு நெறையப் பேரு கிழிச்செடுத்தாங்க. இந்தப் புதுப்பசை கிழிக்க விடமாட்டேங்கு. இது உனக்கு நல்லது செய்யுகா, கெட்டது செய்யுகா? நீயே ரோசிச்சுப் பாரு.

நான் அவருக்குக் குடுக்கல்லே. உனக்குத் தாறேன். ஒரு நிபந்தனை. அடுத்த கவரு மாமா அனுப்பும்போ சருவத்தை எடுக்கப்பிடாது.

சரி, அந்த ஆல்பத்தை அங்கன நட்டமா நிறுத்தி வை. முற்றத்துல சக்கை பழுத்து மணக்குகு, வெட்டணும். மொதல்ல கையில எண்ணெ தேச்சுக்கிட்டு வா.