சண்டை மீன் தொட்டி: திணைக் கோட்பாட்டு வழி ஓர் ஆய்வு

சேவற்சண்டைக்கு ஆய்வேடு உண்டு. கிடாச்சண்டைக்கு உண்டு. ஏறு தழுவலுக்கோ ஏடுகள் அடுக்கடுக்காக உண்டு. ஆனால் டி.வி.க்குப் பக்கத்தில், தன்னந்தனியாக, எதிரி யாரும் இல்லாமலேயே விறைத்துக்கொண்டு நிற்கும் ஃபைட்டர் மீனைத் தமிழ் ஆய்வுலகம் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை: ஒரு தொட்டி, ஒரு மீன், ஒரு குடும்பம். ஆய்வுக்களம்: சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அடுக்குமாடி வீட்டின் ஹால்.

முதலில் முன்னோடிகளை வணங்கிவிடுவோம். சயாம் அரசர் தம் சண்டை மீன்களில் சிலவற்றை 1840 வாக்கில் ஒருவருக்குக் கொடுக்க, அவை கை மாறி, கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய தியோடர் கேன்டர் என்னும் டேனிய மருத்துவரிடம் வந்தன என்பர். அவர் 1849இல் இம்மீனைப் பற்றி எழுதினார். அவர் இட்ட பெயர் உண்மையில் பினாங்குப் பக்கத்து வேறொரு மீனுக்கு உரியது என்று பிரித்துக் காட்டி, 1910இல் 'பெட்டா ஸ்ப்லெண்டென்ஸ்' என்ற பெயரைச் சூட்டியவர் லண்டன் அருங்காட்சியகத்து சார்லஸ் டேட் ரீகன். ஆக, அறுபத்தொரு ஆண்டுகள் அம்மீன் வேறொருவர் பெயரில் வாழ்ந்திருக்கிறது. வாடகை வீட்டில் முந்தைய குடித்தனக்காரர் பெயரிலேயே கேஸ் சிலிண்டர் வாங்கிப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இராது. 2019இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

இனி திணை. இம்மீனின் தாயகம் தாய்லாந்தின் நெல்வயல்களும் வாய்க்கால்களும் வெள்ளச் சமவெளிகளும். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்பதில் இரு கருத்து இல்லை. மருதத்துக்குத் தெய்வம் வேந்தன். இம்மீனை உலகுக்குத் தந்தவரோ சயாம் வேந்தர். மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். இம்மீனுக்கு எதிரே ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். செவுள் மூடி இரண்டையும் பிடரி மயிர்போல விரித்து, துடுப்புகளை விசிறியாக்கி, தன் நிழலோடு தானே ஊடும். (ஓரிரு நிமிடம் போதும். நாள் முழுக்கக் கண்ணாடி வைத்தால் அது ஊடல் அன்று, சித்திரவதை.) இத்தனை பொருத்தம் ஒரு திருமண ஜாதகத்தில் அமைந்தால் பெண் வீட்டார் அன்றைக்கே தட்டு மாற்றிவிடுவார்கள்.

மருதத்தின் கருப்பொருள்களுள் விலங்கு எருமை. இங்கேதான் ஆய்வுலகம் வழுக்கி விழுந்தது. இம்மீன் எருமைக் குளம்படியில் தேங்கிய நீரிலே வாழ்வது என்றொரு கதை மீன் கடைகளில் செவிவழியாக உலவுகிறது. குளம்படியே போதுமென்றால் ஹார்லிக்ஸ் பாட்டில் அரண்மனை அல்லவா என்று வாதம் நீளும். இக்கொள்கையினரைக் கிண்ணவாதிகள் என்க. கோடையில் வயல் வற்றும்போது மீன் சிறு குட்டைகளில் ஒதுங்கி உயிர் பிடித்திருப்பது உண்மை. ஆனால் அதன் சாதாரண வாழிடம் ஆழம் குறைந்ததே தவிர, அகலம் குறைந்ததன்று. நிலம் திரிந்து பாலையான நேரத்து நிலையைக் காட்டி, இதற்குப் பாலையே பிடிக்கும் என்று சாதிப்பது உரையாசிரியர் எவரும் ஒப்பாத பொருள்கோள்.

கிண்ணவாதிகளின் இரண்டாம் சான்று மூச்சு. சண்டை மீனுக்குச் செவுளோடு கூட, தலைக்குள் மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அதைக்கொண்டு மூச்சு வாங்கும். அதனால் ஆக்ஸிஜன் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆகவே ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்கிறார்கள். இதை மறுக்க நாம் தரங்கம்பாடிக்குப் போக வேண்டும். அங்கே 1791இல் டால்டோர்ஃப் என்ற டேனிய லெப்டினன்ட், குளக்கரைப் பனைமரம் ஒன்றில் ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அது 1797இல் அச்சாயிற்று. அதுதான் பனையேறிக் கெண்டை. சண்டை மீனுக்கு உள்ள அதே காற்று உறுப்பு அதற்கும் உண்டு. அந்தச் செய்தி அச்சாகி இரு நூற்றாண்டு தாண்டிவிட்டது. பனையேறிக் கெண்டையைப் பனைமரத்தில் வைத்து வளர்க்கலாம் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. கிண்ணவாதம் இத்துடன் வீழ்ந்தது.

போகிற போக்கில் ஒன்று. சண்டை மீனின் சிற்றுறவு ஒன்று நம் ஊர்க் குளம் குட்டைகளிலேயே இருக்கிறது. புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்று மீனைக் கொண்டு 1831இல் பிரெஞ்சு அறிஞர் க்யூவியே அதை விவரித்தார். அதன் அறிவியல் பெயரின் பின்பாதியில் 'குப்பம்' இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் நுரைக் கூடு கட்டும். நிறம் மட்டும் மங்கல், அதனால் விலைப்பட்டியலில் இடம் இல்லை.

தொட்டிக்கு வருவோம். குறைந்தது இருபது லிட்டர் என்பது தொட்டிவாதிகளின் துணிபு, நமக்கும் உடன்பாடு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்ந்தால் மொத்தம் முப்பது கிலோவை நெருங்கும். ஷோகேஸின் மேல் தட்டில், பையன் வாங்கிய கேடயங்களுக்கு நடுவே வைக்கத் துணிவோர் முதலில் தம் தச்சரைக் கலந்துகொள்க. மூடி கட்டாயம், இம்மீன் துள்ளும். மூடிக்கும் நீருக்கும் இடையே காற்றுக்கு இரண்டு விரற்கடை விட வேண்டும். வாஸ்து வல்லுநர்கள் ஈசான மூலையைப் பரிந்துரைப்பார்கள். நம் ஆய்வுக்களத்தில் ஈசான மூலையில் கிழக்கு ஜன்னல் இருக்கிறது. காலை வெயில் நேராக விழும் தொட்டியில் செல்வம் பெருகுமோ தெரியாது, பாசி நிச்சயம் பெருகும்.

இப்போது ஆய்வின் மையப் பகுதி. தொட்டி வந்துவிட்டது, தண்ணீர் நிரப்பியாயிற்று, ஃபில்டர் ஓடுகிறது. மீன்? மீன் இல்லை. நான்கிலிருந்து ஆறு வாரம் இருக்கக் கூடாது. இதை நாம் முல்லைப் பருவம் என்று குறிப்போம். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல்.

காரணம் வேதியியல். மீனின் கழிவும் மிச்ச உணவும் அழுகி அம்மோனியா ஆகும். அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும்; இது அளவோடு இருந்தால் கேடில்லை. இந்த நுண்ணுயிர்களை 1890 வாக்கில் பிரித்தறிந்தவர் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர். இரண்டு கூட்டமும் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறிப் பெருக வாரங்கள் பிடிக்கும். அதுவரை இல்லாத மீனுக்குத் தினமும் ஒரு சிட்டிகை உணவு தூவ வேண்டும், அது அழுகி அவற்றுக்குத் தீனியாவதற்காக.

இதைச் செய்வது எளிது, விளக்குவதுதான் கடினம். ஊரிலிருந்து வந்த சித்தப்பா தொட்டியின் முன்னால் காபி டம்ளரோடு வெகுநேரம் குனிந்து நிற்பார்.

"என்னடா, வெறும் தண்ணிக்கு லைட்டு போட்டு வெச்சிருக்க?"

"தண்ணி தயாராகுது சித்தப்பா."

"தண்ணி என்னடா தயாராகறது? சாம்பாரா?"

அவருக்கு வினோகிராட்ஸ்கியைச் சொல்லிப் பயனில்லை. அடுத்து கொசு ஒழிப்புப் பணியாளர் வருவார். மொட்டைமாடித் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்புறம் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஹாலில் நிற்பார்.

"சார், இதுல மீனே இல்லையே?"

"இனிமேதான் வரும்."

"அதுவரைக்கும் கொசு வரும் சார்."

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. மூடியை ஒழுங்காகப் போட்டு, ஃபில்டர் நீர்மட்டத்தை அசைத்துக்கொண்டே இருந்தால் கொசு முட்டையிடத் தயங்கும். தப்பித் தவறிப் புழு வந்தாலும், வரப்போகும் மீனுக்குக் கொசுப்புழு இயற்கை உணவுதான் என்பதை அவரிடம் சொல்லாமல் இருப்பது உத்தமம்.

நீர் தயாரா என்பதைச் சோதனைக் குழாய் சொல்லும். தொட்டி நீரை ஐந்து மில்லி எடுத்து, புட்டியிலிருந்து எண்ணிச் சொட்டு விட்டு, குலுக்கி, சில நிமிடம் கழித்து நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். பரவலாகக் கிடைக்கும் சோதனைப் பெட்டியில் மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை என்றால் உண்டு. கணவன் மஞ்சள் என்பான். மனைவி ட்யூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது கிளிப்பச்சை" என்பாள். நிறத்தைப் பொறுத்தவரை புடவைக் கடையில் எவர் சொல் செல்லுமோ அவர் சொல்லே இங்கும் செல்லும். அனேகமாக அவர்களே சரியாகவும் இருப்பார்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமாகி, நைட்ரேட் தலைகாட்டினால் முல்லை முடிந்தது.

எந்தத் தண்ணீர் என்பது தனி ஆய்வேட்டுக்கு உரியது, சுருங்கச் சொல்வோம். குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும், கடையில் விற்கும் குளோரின் நீக்கியில் சில சொட்டு விட்டால் உடனே போய்விடும். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கேன் தண்ணீரில் தாதுக்கள் மிகக் குறைவு, அமிலநிலை நிலைகொள்ளாது. 'நாங்க குடிக்கிற தண்ணியையே அதுக்கும் ஊத்துறோம்' என்ற பாசம் பாராட்டத்தக்கது, நீரியல் அன்று. வெப்பம் இருபத்து நான்கிலிருந்து இருபத்தெட்டு டிகிரி. சென்னையில் ஹீட்டர் மார்கழிக்கு மட்டும் தேவைப்படலாம். சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை மதியம் பிடித்து அப்படியே ஊற்றினால் அது மீன் வளர்ப்பு அன்று, குழம்பு.

மரம் என்னும் கருப்பொருளுக்குப் பாதாம் மரம் வருகிறது. நம் பள்ளி மைதானங்களில் குடைபோல அடுக்கடுக்காய் நிற்கும் நாட்டு வாதுமை. அதன் உதிர்ந்து காய்ந்த இலையைக் கழுவித் தொட்டியில் போட்டால் துவர்ப்புப் பொருள் இறங்கி நீர் டீ நிறத்துக்கு வரும். வயல்நீரில் பிறந்த மீனுக்கு அந்த நிறம் பழகியது. இதே இலை இணையக் கடைகளில் பொட்டலம் கட்டி விற்கப்படுகிறது. மருந்தடிக்காத மரமாகப் பார்த்துக் காவலாளியிடம் கேட்டால் பெருக்குகிறவர் ஒரு மூட்டையே கொடுப்பார், நன்றியும் சொல்வார். பறைக்கு இணையாக ஏர் பம்பு, இரவெல்லாம் உறுமும். அதோடு இணையும் பஞ்சு ஃபில்டரே இம்மீனுக்கு ஏற்றது. நீரோட்டம் பலமானால் ஹாஃப்மூன் வகை மீனால் தன் அரைவட்ட வாலைத் தூக்கிக்கொண்டு நீந்த முடியாது.

அலங்காரம் பற்றி எழுதாமல் விட்டால் குடும்பம் மன்னிக்காது. நீலக் கூழாங்கல், இடிந்த கோட்டை, வாய் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை ஆகியவை மீன் கேட்டவை அல்ல. வாங்கியவை நம் கண்கள். வாங்கித்தான் ஆவேன் என்பவர்கள் அப்பொருளின் மீது ஒரு பழைய ஷிஃபான் துப்பட்டாவை இழுத்துப் பார்க்க. துணி மாட்டினால் துடுப்பும் கிழியும். உயிருள்ள செடியே மேல்: அனுபியாஸை ஒரு மரக்கட்டையில் நூலால் கட்டினால் போதும், வெளிச்சம் அதிகம் கேட்காது. தண்டை மண்ணில் புதைத்தால் மட்டும் அழுகிவிடும்.

இதன்பிறகே கொளத்தூர். வண்ண மீனுக்கென்றே பெயர் பெற்ற அப்பகுதிக் கடைகளில் ஆண் மீன்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குப்பியில் இருக்கும். ஒன்றையொன்று பார்த்து ஓயாமல் விறைக்காதபடி நடுவில் அட்டை செருகியிருப்பார்கள். நீலம், சிவப்பு, வெள்ளை எல்லாம் மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தவை. வயல் மீன் பழுப்பும் பச்சையும் கலந்த எளிய ஆள். வாங்குபவர் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், விரலை அருகே கொண்டுபோனால் திரும்பிப் பார்க்கிறதா, துடுப்பு உடலோடு ஒட்டிக்கிடக்காமல் இருக்கிறதா என்று பார்க்க.

வீட்டுக்கு வந்த மீனுக்கு இரு பேராபத்துகள் உள. ஒன்று விருந்தோம்பல். நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ சில குருணை போதும். ஆனால் மீன் மனிதரைக் கண்டால் முன்னே வந்து ஆடும். அதைப் பசி என்று படித்து, போகிற வருகிறவர் எல்லாரும் ஒரு சிட்டிகை போடுவார்கள். வயிறு உப்பும், நீர் கெடும். உணவு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டுவதில் வெட்கம் இல்லை. மற்றொன்று சுத்தம். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் உற்சாகத்தில் தொட்டியைக் கவிழ்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் பிழிந்து, கூழாங்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்து அடுக்கினால், ஒரு மாத முல்லை ஒரு மணி நேரத்தில் போயிற்று. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும். பஞ்சை எடுத்த பழைய நீரிலேயே அலசுக.

இவ்வாய்வின் முடிபுகளைக் கடைக்காரர்கள் ஏற்கவில்லை. தொட்டி வாங்கும் அன்றே, "மீனும் ஒண்ணு எடுத்துக்கோங்க சார்" என்பார்கள். ஒரு மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள், சிரிப்பார்கள், பரவாயில்லை. அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு போகும்போது, ஜோடியாக இருக்கட்டுமே என்று இரண்டு ஆண் மீனை ஒரே தொட்டியில் விடலாமா என்று வீட்டில் எவரேனும் கேட்டால், இருநூறு பக்க ஆய்வேடு வேண்டியதில்லை. விடக் கூடாது.