பாட்டிக்கு சர்க்கரை

1986-இல் பெசன்ட் நகரில் இடம் தேடிப் புறப்பட்டபோது எனக்கு இருந்த ரியல் எஸ்டேட் ஞானம் ஒன்றே ஒன்று: ஒரு கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி. மற்றதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் சைக்கிளில் வந்த ஒரு தரகர்.

ஹேண்டில்பாரில் மஞ்சள் பை. உள்ளே பத்திர ஜெராக்ஸ், வெற்றிலைப் பொட்டலம், பழைய டைரி ஒன்று. விலை விவரம் இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ‘பாட்டிக்கு சர்க்கரை. மூத்தவன் அமெரிக்கா. இளையவனுக்கு பம்பாயில் வேலை. பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள்’ என்றுதான் எழுதியிருந்தது. எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, “கால் வலி தேவலையா மாமி?” என்பதுதான். என்ன ஒரு மனுஷர் என்று நெகிழ்ந்துபோனேன்.

பாட்டி போய்ச் சேர்ந்தார். பதிமூன்றாம் நாள் சாப்பாட்டில் பாயசத்துக்குப் பிறகு தரகர் மெல்ல இளையவன் பக்கம் நகர்ந்தபோதுதான் டைரியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் பந்தியை விட்டு எழுந்திருக்கவில்லை. சொல்லப்போனால், அவர் பக்கத்து இலையே என்னுடையதுதான்.

தொழிலில் உறவு வளர்ப்பது என்றால் அன்று அதுதான். வில்லங்கச் சான்றுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் பல நாள் காத்திருக்க வேண்டும். எனவே பத்திர எழுத்தரோடு காபி. தாய்ப்பத்திரத்தில் ஓட்டை தேட மயிலாப்பூர் வக்கீல். எனவே அவர் வீட்டு நவராத்திரிக் கொலுவில் தவறாமல் ஆஜர். 1989-இல் மூதாதையர் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதுவரை வரன் வரைக்குமே டைரியில் இடம்பிடித்திருந்த மகள்களையும் தரகர் நலம் விசாரிக்க ஆரம்பித்தார்.

பாட்டியின் ஒரு கிரவுண்டில் ஆறு ஃபிளாட் எழும்பியது. ஒன்று எனக்கு. பிரிபடாத பங்கு 400 சதுர அடி.

இன்று எல்லாம் சுத்தம். வில்லங்கத்தைக் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். 2016-இல் வந்த ரெரா சட்டப்படி, பதிவான திட்டத்தில் வீடு விற்றுத்தரும் தரகருக்கும் பதிவு எண் வேண்டும். வாங்குபவர்களிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதத்தைக் கட்டுநர் தனிக்கணக்கில் போட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வாங்குவதென்றால் முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். நல்ல சட்டம். மஞ்சள் பையில் இதெல்லாம் கிடையாது.

உறவை வளர்க்கவும் இப்போது சம்பளத்துக்கு ஆள் உண்டு. ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்று பெயர். என் பிறந்தநாளுக்கு முதலில் வாழ்த்துவது அவர்தான், பெண்டாட்டிக்கும் முன்னால். முதலீட்டாளர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் முப்பது ரோஜாப்பூ பூக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு ஓட்டலில் இட்லியும் விசிட்டிங் கார்டும். யாரும் யார் வீட்டுச் சாவுக்கும் போவதில்லை. அடடா, எவ்வளவு நாகரிகம் என்று நினைத்திருந்தேன், போன மாதம் வரை.

எங்கள் கட்டடத்துக்கும் முப்பது வயது தாண்டிவிட்டது. இடித்துக் கட்ட வேண்டும் என்கிறார்கள். 2022 அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஆறு வீட்டில் நாலு கையெழுத்து. மூன்று விழுந்தாயிற்று.

எலியட்ஸ் கடற்கரையில், ஷ்மிட் நினைவு மண்டபத்தருகே மூச்சு வாங்க நின்றிருந்தேன். 1930-இல் அடுத்தவர் உயிரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி மாண்ட டென்மார்க்காரர் அவர். கமிஷன் பேசாமல் இறங்கிய ஆள். அப்போது ஓட்டக் காலணியோடு ஓர் இளைஞர் வந்து பக்கத்தில் நின்றார். கட்டுநராம்.

“அங்கிள், முழங்கால் வலி தேவலையா? பையன் இன்னும் டல்லாஸ்லதானே?”

பதினைந்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தார். கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“மத்தபடி உடம்பு எப்படி அங்கிள்?”

“சர்க்கரைதான் கொஞ்சம்” என்றேன்.

கைபேசியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.