தண்ணீர் குடியாமைக் கோட்பாடு: வார்கிராஃப்ட் திறன்மரங்கள் பற்றிய ஒரு முன்னாய்வு

2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில், பத்தாம் லெவலை எட்டியவன் தன் கைக்கு வந்த முதல் டேலண்ட் புள்ளியை எங்கே போடுவது என்பதே இக்கட்டுரை நுதலிய பொருள். இஃது அற்ப விஷயமன்றோ எனின், ஆம், அற்பமே. ஆயினும் இதைப் பற்றி ஆட்டக்காரர்கள் தமக்குள் போட்ட சண்டைக்கு முன்னால், விளையாட்டுக்குள் மனிதரும் ஓர்க்குகளும் போடும் சண்டை ஒன்றுமே இல்லை.

முதலில் கணக்கு; இதுவும் இனி வருவனவும் விளையாட்டின் தொடக்கக் கால விதிப்படி. பத்து முதல் அறுபது வரை லெவலுக்கு ஒன்றாக 51 புள்ளிகள். ஒவ்வொரு கிளாஸுக்கும் (மந்திரவாதி, பூசாரி போன்ற பாத்திர வகைக்கு) மும்மூன்று திறன்மரங்கள். இவை மேலிருந்து கீழ்நோக்கி வளர்பவை (வேர் மேலாகவும் கிளை கீழாகவும் உள்ள மரத்துக்குச் சாத்திரத்தில் முன்னுதாரணம் உண்டு, அதில் இறங்கினால் கட்டுரை முடியாது). ஒரு வரிசைக்கு ஐந்து புள்ளி இறைத்தால்தான் அடுத்தது திறக்கும். கடைசி வரிசையின் ஒற்றைக் கனிக்கு ஒரே மரத்தில் 31 புள்ளி தேவை என்பதால், அது 40ஆம் லெவலில்தான் கைக்கு எட்டும். குதிரையேறும் தகுதியும் அதே 40இல்தான் வருகிறது. ஆனால் குதிரைக்கும் சவாரிப் பயிற்சிக்குமாக ஏறக்குறைய 100 பொன் ஆகிவிடும். எனவே பலருக்குக் கனி மட்டும் கிட்டும், நடை தொடரும்.

இனி பூர்வபட்சம். சீக்கிரம் கொல்பவனே சீக்கிரம் லெவல் ஏறுவான். ஆதலால் எல்லாப் புள்ளியையும் அடியைப் பெருக்கவே போடுக என்பார் ஒரு சாரார். இவர்களை மறுக்க, ஒரு மந்திரவாதியின் பின்னால் சற்று நேரம் நடந்தால் போதும். பனிக்கணைகளை எய்து பன்றியைச் சாய்க்கிறான். அடுத்ததையும் சாய்க்கிறான். மூன்றாவதற்குள் மானா (மந்திரம் ஓதச் செலவாகும் சக்தி) தீர்கிறது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான். தொடக்கநிலைத் தண்ணீருக்கு 18 வினாடி. உயர்ந்த ரகத்துக்கு 30. நடுவில் எழுந்தால் குடி முறியும். தண்ணீரை அவனே மந்திரத்தால் வரவழைத்துக்கொள்வதால் காசு மிச்சம், நேரம் மிச்சமில்லை.

எனவே, அடியின் கனத்தை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறான் என்பதை அளக்க வேண்டும். இதைத் தண்ணீர் குடியாமைக் கோட்பாடு என்க.

இதற்குச் சான்று பூசாரி. இருள் மரத்தின் முதல் வரிசையிலேயே 'ஸ்பிரிட் டேப்' இருக்கிறது. ஐந்து புள்ளியும் போட்டால், அனுபவப் புள்ளி தரும் உயிர் ஒன்றைக் கொல்லும்போதெல்லாம் இவனுடைய ஸ்பிரிட் (மானா ஊறும் வேகத்தை நிர்ணயிக்கும் பண்பு) 15 வினாடிக்கு இரட்டிக்கும். மந்திரம் ஓதும்போதும் மானா பாதி வேகத்தில் ஊறும். ஒரு சாவு அடுத்த சாவுக்கு முதலாகிறது. அடுத்த ஐந்தை மந்திரக்கோலுக்குப் போட்டால் கோலின் அடி 25 சதவீதம் ஏறும். கோலுக்கு மானாவே வேண்டாம். ஆக, தெய்வ அருள் பெற்ற பூசாரி பன்றியின் மேல் வலிமந்திரம் ஒன்றை ஏவிவிட்டு, மீதி நேரமெல்லாம் குச்சியை நீட்டியபடி நிற்கிறான். பார்க்கச் சகிக்காது. ஆனால் உட்காரவில்லை.

வார்லாக்கின் வழக்கு இன்னும் நுட்பமானது. அவனது 'கரப்ஷன்' மந்திரத்தை ஓத இரண்டு வினாடி. புள்ளிக்கு 0.4 வினாடி குறையும். நான்கு போட்டவனுக்கு 0.4 வினாடி பாக்கி நிற்கும். அதற்காகவும் அவன் ஓட்டத்தை நிறுத்தி ஓத வேண்டும். ஐந்தாவதும் விழுந்தால் நிற்கவே வேண்டாம், ஓடிக்கொண்டே ஓதலாம். நான்கோடு நிறுத்தி வேறு மரத்துக்குத் தாவுவோரை என்ன சொல்வது?

அற்றேல், அறுபதுக்குப் பின் நாற்பது பேர் திரளும் ரெய்டில் குச்சியோடு போய் நின்றால் நகையாரோ எனின், நகைப்பர். அதற்குத்தான் ஊரில் பயிற்றுநர் இருக்கிறார். கற்றதை மறக்கடிக்கக் காசு வாங்கும் ஆசிரியர் இவர் ஒருவரே. முதல் மறதி 1 பொன், அடுத்தது 5, பிறகு ஐந்தைந்தாக ஏறி 50இல் நிற்கும். ரெய்டை எண்ணிப் பத்தாம் லெவலிலிருந்தே வைத்திய மரத்தை வளர்ப்போரும் உண்டு. அவர்கள் ஒரு பன்றியைக் கொல்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

எல்லாரும் ஒரே பில்டைத்தான் (புள்ளிப் பங்கீட்டைத்தான்) காப்பியடிக்கிறார்கள் என்று சொல்லி, 2012இல் 'மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியா' வந்தபோது நிறுவனம் மரங்களையே வெட்டிப்போட்டது. 15 லெவலுக்கொரு முறை மூன்றில் ஒன்றைத் தொட்டால் போதும் என்றாயிற்று. காப்பி உண்மைதான். ஆனால் காப்பியடித்தவனும் ஏதாவது இரண்டு புள்ளியைத் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றி, 'இது என் பில்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் இழந்தது அந்த இரண்டைத்தான். 2022இல் 'டிராகன்ஃபிளைட்' மரங்களைத் திரும்ப நட்டது.

வேட்டைக்காரன் மட்டும் இக்கோட்பாட்டுக்குள் அடங்குவதில்லை. பத்தாம் லெவலில் அவனுக்குப் புள்ளியோடு ஒரு விலங்கைப் பழக்கும் வித்தையும் கிடைக்கிறது. கரடி முன்னே நின்று அடி வாங்கும். இவன் தள்ளி நின்று அம்பு விடுவான். தண்ணீர் அதிகம் வேண்டாம். ஆனால் கரடிக்கு மீன் போட வேண்டும். தொடர்ந்து பட்டினி போட்டால் விட்டுவிட்டு ஓடிவிடும். மீன் பிடிக்க ஆகும் நேரம் இவ்வாய்வின் கணக்கில் சேர்க்கப்படவில்லை.