வீட்டுக்கு ஒரு துரை வாங்குவது எப்படி?

பால் ஆடு வாங்க வேண்டும் என்ற எண்ணம் நோட்டன் பிரிட்ஜில் யாருக்கும் காலையில் வராது. மழை பிடித்து, கரண்ட் போய், வெறும் பிளேன்டியோடு இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் சாயங்காலத்தில்தான் வரும். எனக்கு வந்தது 2022 மார்ச்சில், 400 கிராம் பால்மா பக்கெற் 790 ரூபாய்க்கு ஏறிய வாரம். கொழும்புக் கடை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். இனி எந்த முதலாளிக்கும் எந்தத் துரைக்கும் கைகட்டி நிற்பதில்லை என்று அம்மாயியிடம் சொன்னேன். அதே மூச்சில், ஆடு வாங்கப் போவதையும் சொன்னேன். அம்மாயி நாற்பது வருசம் கொழுந்து எடுத்தவர். "ரெண்டும் ஒன்னுக்கொன்னு ஒத்து வராதேப்பா" என்றார். எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்க வேண்டாம். விளங்கிவிட்டால் வாங்க மாட்டீர்கள்.

முதலில் ஆடு பார்க்கப் போக வேண்டும். கூடவே விசயம் தெரிந்த ஒருவரை அழைத்துப் போகச் சொல்வார்கள். அழைத்துப் போகாதீர்கள், அனுபவம் கிடைக்காமல் போய்விடும். விற்பவர் ஜாதி சொல்வார். யமுனைக் கரையிலிருந்து வந்த ஜமுனாபாரி என்றால் காது தொங்க வேண்டும், மூக்கு கிளி மூக்காக வளைந்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் சானன் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாளுக்கு 3 லீற்றர்கூடத் தரும். உங்களுக்குக் கிடைக்கப் போவது இந்த இரண்டு குடும்பத்துக்கும் தூரத்துச் சொந்தம் என்று சொல்லப்படுகிற ஒன்று. அரை லீற்றர் தந்தால் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

பல்லைப் பார்த்து வயது சொல்லலாம் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்கு வந்த பிறகு நான் வாயைத் திறந்து பார்த்தேன். மேல்தாடையில் முன்பல் ஒன்றுகூட இல்லை. கிழட்டு ஆட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று மைல் நடந்து திருப்பிக் கொடுக்கப் போனேன். விற்றவர் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. பக்கத்தில் நின்ற இன்னொரு ஆட்டின் வாயைத் திறந்து காட்டினார். அதற்கும் இல்லை. உலகத்தில் எந்த ஆட்டுக்கும் மேலே முன்பல் கிடையாதாம். கீழே உள்ள எட்டைத்தான் எண்ண வேண்டும். இரண்டு பெரிய பல் என்றால் ஒன்று, ஒன்றரை வயது. எட்டும் பெரிதாகிவிட்டால் நாலு வயதுக்குக் கிட்ட. திரும்பி நடந்த மூன்று மைலில் மழையும் பெய்தது.

இன்னொன்றையும் வாங்குவதற்கு முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள்: ஆடு குட்டி போட்டால்தான் பால். சினையாக வாங்கினால் மிச்ச மாதங்களைக் காத்திருக்க வேண்டும். வெறும் ஆடாக வாங்கினால், மூன்று வாரத்துக்கு ஒரு முறை அது வாலை ஆட்டிக்கொண்டு ஊரைக் கூட்டிக் கத்தும் அந்த ஒன்றிரண்டு நாளில் கிடாயைத் தேடி ஓட வேண்டும். அதற்குப் பிறகு ஏறத்தாழ 150 நாள். காத்திருப்பதைப் பற்றி இந்த ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. லக்ஷபானப் பக்கத்துத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர கட்டுரை வாசித்தது 1918இல். லக்ஷபானவில் மின்சாரம் பிறந்தது 1950இல். 32 வருசச் சினை. அவர் பேரை நம்ம ஊர் நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். அதற்குப் பக்கத்து லயங்களுக்குக் கரண்ட் வர அப்புறமும் எத்தனையோ காலம் ஆனது. அதோடு பார்த்தால் ஆடு வேகமான பிராணி.

முதல் ராத்திரி நீங்கள் தூங்கப் போவதில்லை. ஆடு கூட்டமாக வாழ்கிற சீவன். ஒற்றையாகக் கட்டினால் கத்தும். பன்னிரண்டு வீட்டு லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும். ஒரு மணிக்கு மேல்வீட்டு மாமா சுவரைத் தட்டுவார். இரண்டு மணிக்குத் தொங்கல் வீட்டுக் குழந்தை எழும்பும். மூன்று மணிக்கு நீங்களே தொழுவத்துக்குப் போய் அதன் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்வீர்கள். உடனே வாயை மூடிக்கொள்ளும். தினக்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டுமென்று வருசக்கணக்காகக் கத்தி 2021இல்தான் வர்த்தமானியில் பார்த்த சனங்கள் நாம். ஆடு கேட்டதைக் கேட்ட ராத்திரியே கொடுக்கிறோம். மூன்றாம் நாள் இன்னொரு ஆடு வாங்குவீர்கள். இதற்குப் பெயர் பேச்சுவார்த்தை வெற்றி.

இனி மழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். மே மாதம் தொடங்கினால் நீர்த்தேக்கத்தின் வான்கதவு திறந்த செய்தியும் வந்துகொண்டே இருக்கும். ஆட்டுக்கு மழை ஆகாது. ஈரத் தரையில் நின்றால் குளம்பு அழுகும், குளிர் பிடித்தால் நெஞ்சு கட்டும். ஆகவே தரையில் அல்ல, பரணில் வைக்க வேண்டும். மூன்று நாலு அடி உயரத்தில் மரச்சட்டம் அடித்து, புழுக்கை மட்டும் கீழே விழுகிற மாதிரி அரை அங்குல இடைவெளி விட வேண்டும். இடைவெளி கூடினால் கால் மாட்டும், குறைந்தால் புழுக்கை மாட்டும். மேலே தகரம். வீடு, கக்கூஸ், அம்மாயியின் கறிவேப்பிலை எல்லாம் போக மிச்சம் இருக்கிற ஒரே காய்ந்த இடத்தில்தான் இதைக் கட்ட முடியும். பரண் கட்டி முடித்து நான் பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். லயத்துக் காம்பராவை விட நன்றாக இருந்தது. ஒழுகவில்லை, கீழே காற்றோட்டம், தனிக் கதவு. அம்மாயியும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கதவுக்கு நல்ல பூட்டுப் போடுங்கள். தேயிலை மலைகளில் சிறுத்தை உண்டு. முதலில் நாயைத் தூக்கும், பிறகு ஆட்டுப் பக்கம் வரும். அதற்காகக் கம்பிக் கண்ணி வைக்கிற யோசனை மட்டும் வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்து மரக்கறிப் பாத்தியில் கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் மாட்டியது. காணக் கிடைக்காத மிருகம். உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனது. பூட்டு அதை விட மலிவு.

தீனி விசயத்தில் "எதப் போட்டாலும் திங்கும்" என்பதை நம்புங்கள், ஒரு நாள் மட்டும். மறுநாள் தெரியும், ஆடு மாப்பிள்ளை வீட்டாரைப் போல. பலா இலை என்றால் வரும். முள்முருக்கு, சீமைக்கிளுவை என்றால் யோசித்து வரும். தரையில் விழுந்து மிதிபட்டது எதையும் தொடாது, நெஞ்சுயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். நனைந்த இலையை வாட்டிப் போட வேண்டும். அது வேண்டாம் என்று சொல்கிற இலைகள் குறைவு என்பதால்தான் தமிழில் அவற்றைத் தேடிப் பிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆடு தொடா இலைதான் ஆடாதோடை ஆனது என்பார்கள். இருமலுக்குக் கசாயம் வைக்கிற செடி, வேலிக்கும் ஆகும். பொங்கலன்று பாசத்தில் ஒரு சட்டி பொங்கலைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். சோறு வயிற்றில் புளித்து, இடப்பக்கம் மேளமாக உப்பி, மிருக வைத்தியரைத் தேடி ஓட வைக்கும். அவர் வந்தால் இன்னொன்றும் கற்றுக்கொள்ளுங்கள்: கீழ் இமையை விலக்கிப் பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் வயிற்றுப் பூச்சி இரத்தத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். மழை ஊரில் இந்தச் சோதனையை மறக்கக் கூடாது.

கடைசியாகக் குட்டி பிறந்து, முதல் சீம்பாலைக் குட்டிக்கே விட்டு, நாலைந்து நாள் கழித்துக் கறக்க உட்காருகிறீர்கள். ராத்திரி குட்டியைப் பிரித்து அடைத்து, காலையில் கறந்துவிட்டு, பகல் முழுக்கத் தாயோடு விட வேண்டும். சட்டியை வைத்தேன். உதைத்தது. இரண்டாம் முறை ஒரு காலைச் சட்டிக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக நின்றது. நான் காம்பைப் பிடித்து இழுத்தேன். சொட்டுக்கூட வரவில்லை, ஆடு மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவனைத் துரை பார்க்கிற பார்வை.

"தள்ளு" என்று அம்மாயி வந்து குந்தினார். "கொழுந்தப் பிடுங்குவியா? இதையும் இழுக்கக் கூடாதுடா." பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் மேலே மோதிரமாகப் பூட்டினார், பால் மடிக்குத் திரும்பாதபடி. பிறகு நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று ஒவ்வொன்றாக மடக்கினார். முதல் இரண்டு பீச்சலை வேறு கிண்ணத்தில் எடுத்து, கட்டி உண்டா என்று பார்த்துவிட்டுக் கொட்டினார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நாற்பது வருசம் ஓடிய விரல்கள் ஒரு வினாடி தயங்கவில்லை. அம்மாயி ஆடு வளர்த்ததே இல்லை.

பாலைக் கட்டாயம் காய்ச்சுங்கள். கிடாயைப் பக்கத்தில் கட்டாமல், சட்டியைச் சுடுதண்ணியில் கழுவி, கறந்த உடனே காய்ச்சினால் அந்த வாடை வராது. அப்படியும் மூக்கைப் பொத்துகிற மேல்வீட்டு மாமாவுக்குக் காந்தியைச் சொல்லுங்கள். பசுவையும் எருமையையும் மனதில் வைத்துப் பால் தொடுவதில்லை என்று விரதம் எடுத்தவரிடம், ஆட்டுப்பால் அதில் சேராதே என்று வழி சொன்னவர் கஸ்தூரிபா. 1919இல் குடிக்கத் தொடங்கிய காந்தி, 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து மலையகத்தையும் சுற்றிப் பார்த்துப் போனார். மாமா அதைக் கேட்டுவிட்டு, "அவருக்கு யாரோ கறந்து குடுத்தாங்க" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

இப்போது விடிய நாலரைக்கு எழும்புகிறேன். தோட்டத்துப் பெரட்டுக்கு ஆறு மணி. இங்கே ஞாயிறு இல்லை, தீபாவளி இல்லை, சுகயீன லீவும் இல்லை. சாயங்காலம் இன்னொரு பெரட்டு. நடுவில் புல் தேடி மூன்று மலை ஏற வேண்டும். கொழும்பு முதலாளி பரவாயில்லை, இரவில் கத்த மாட்டார்.

முதல் பாலை அளந்து பார்த்தேன். முந்நூற்றைம்பது மில்லி. அம்மாயி சட்டியைச் சாய்த்து அடியைப் பார்த்தார்.

"கிலோ கொறஞ்சிருக்கே தம்பி. இதுக்கு அரை நாள் பேருதான் போடுவாங்க."

தோட்டத்தில் கொடுத்த தூளைப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றினார். குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"பால் நல்லாத்தான் இருக்கு. தூள்தான் வெறும் தூசி."